கேட்காமல் எடுத்த பக்கங்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். உருப்படியான விஷயத்துக்கும் வரும், ஒன்றுக்கும் உதவாத விஷயத்துக்கும் வரும். ஒரு துணிக்கடையின் இணையப் பக்கத்தில் நாலு புடவைப் படம் காட்ட எதற்காக இத்தனை நிரலை ஏற்றி வைக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு ஜவ்வாது மலையில் என்ன செய்வது? எங்கள் ஊர் ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நல்ல ஜனங்கள். சாமை விலை, புளி குத்தகை, பஸ் வந்ததா வரவில்லையா என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். நிரலைப் பற்றிப் பேசினால், பாவம், தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். தலையாட்டுகிறவர்களோடு சண்டை போட முடியாது.

அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். போளூரிலும் செங்கத்திலும் இருக்கிற கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுத்துப் பிழைக்கிறேன். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. பின்பக்கம் இருக்கும் பாறையில் ஏறினால் கொஞ்சம் கிடைக்கும். அதனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலையாகப் போளூர் இறங்குகிற நாள்களில், பிடித்த தளங்களைப் பக்கம் விடாமல் முழுசாக மடிக்கணினியில் இறக்கிக்கொண்டு வந்துவிடுவேன். மளிகை வாங்கி வருகிற மாதிரிதான். பிறகு மலையில் உட்கார்ந்து ஆற அமர வாசிப்பேன்.

நான் சண்டை போட்டதெல்லாம் ஒரு பழைய மின்னஞ்சல் குழுவில். தமிழில் இணையத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சேர்ந்த குழு. சென்னையில் சிலர், வெளிநாட்டில் சிலர், எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத சிலர். பக்கம் எவ்வளவு கனமாக இருக்கலாம், எழுத்துரு யாருடையது, காப்புரிமை என்று ஒன்று வேண்டுமா வேண்டாமா என்று வருஷக்கணக்காக அடித்துக்கொண்டோம். மற்றவர்கள் இரண்டு மடலோடு களைத்துப்போவார்கள். களைக்காத ஆள் ஒரே ஒருவர். அவரைக் குழுவில் எல்லோரும் பாய் என்போம். வாணியம்பாடியில் தோல் கம்பெனிக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மலையின் அந்தப் பக்கம் இறங்கினால் அவர் ஊர்தான். ஆனாலும் நாங்கள் சந்தித்ததில்லை. போனில்கூடப் பேசியதில்லை. அவர் என்னை 'மலைக்காரரே' என்று எழுதுவார், வாங்க போங்க என்றுதான் எழுதுவார். மனுஷர் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி எழுதும்போதும் அந்த 'ங்க' விட்டுப்போகாது.

பாய் ஒரு தளம் வைத்திருந்தார். தமிழ் எழுத்து உடையாமல் திரையில் வருவதெப்படி, மட்டமான போனிலும் பக்கம் சட்டென்று திறக்க என்ன செய்ய வேண்டும் என்று பாடம் பாடமாக எழுதிப்போட்டிருந்தார். பாடத்துக்கு நடுவே கதை எங்கேயோ போய்விடும். மழை பிடித்துக்கொண்டால் காயப்போட்ட தோல் என்ன பாடு படும், மின்சாரம் போன மத்தியானத்தில் அவர் வீட்டம்மா கம்ப்யூட்டரை என்ன சொல்லித் திட்டினார் என்றெல்லாம் எழுதுவார். உண்மையில் நான் வாசித்தது அந்தக் கதைகளைத்தான். பாடம் எனக்குத் தெரிந்ததுதானே.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி இருக்கும். என்னைக் கேட்காமல் இதை எங்கும் எடுத்துப் போடக் கூடாது என்று. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இலவசமாகக் கிடைத்த மென்பொருளில், இலவசமாகக் கிடைத்த எழுத்துருவில் தளம் நடத்திக்கொண்டு, தன் எழுத்துக்கு மட்டும் பூட்டுப் போடுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். பாய் அசரவில்லை. பிரியாணி ஆக்குகிற விதத்தை யார் கேட்டாலும் சொல்வேன், அதற்காக என் டேக்சாவைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று எழுதினார். பாத்திரத்தைத் தூக்கினால் உங்களிடம் இருக்காது, பக்கத்தைப் பிரதி எடுத்தால் இரண்டு பேரிடமும் இருக்குமே என்று கரடியாய்க் கத்தினேன். இருக்கட்டும், கேட்டானா இல்லையா என்பதுதான் அவர் பதில். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்பார். நான் தளத்தை முழுசாக இறக்கி வைத்திருப்பதைச் சொன்னபோது, 'வாசிக்கத்தானேங்க, தாராளமா வச்சிக்கங்க. வெளியில போட்டா மட்டும் திருட்டு' என்று எழுதினார்.

செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் இணையத்தை வாரி வாரித் தின்ன ஆரம்பித்தபோது பாய் இன்னும் கெட்டியாகிவிட்டார். தேடுபொறியோ, பழைய தளங்களைப் பிரதி எடுத்து வைக்கிற ஆவணக் காப்பகமோ, எந்த இயந்திரமும் உள்ளே வரக் கூடாது என்று வாசலிலேயே எழுதி வைத்துவிட்டார். குழுவே சிரித்தது. நானும் நன்றாகக் கிண்டல் செய்தேன். அன்றைக்கு அவர் எழுதிய பதிலை வாசித்துவிட்டு நான் பாறை மேல் நின்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன் போல. பக்கத்து வீட்டு அக்கா விறகோடு போனவர் நின்று பார்த்தார்.

"இன்னாங்க, தனியா நின்னுகினு யார்கிட்ட சண்டை?"

வாணியம்பாடி பாய் ஒருத்தர் இருக்கார் என்றேன். அக்கா அந்தப் பக்கத்து மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விறகைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

பிறகு பாய் எழுதுவதை நிறுத்தினார். முதலில் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் வேண்டுமென்றே இரண்டு அபத்தங்களை எழுதிப் பார்த்தேன், கடிக்கட்டும் என்று. வரவில்லை. தனியாக மடல் போட்டேன். பதில் இல்லை. குழுவில் வேறு யாருக்கும் அவர் இல்லாதது தெரிந்த மாதிரியே இல்லை. அவர்கள் பாட்டுக்கு எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காலையில் எழுந்ததும் பாறைக்குப் போவேன், மடலைத் திறப்பேன், மூடுவேன். பேச ஆளில்லாமல் இருப்பது எனக்குப் புதுசில்லை. எனக்கு எதிராகப் பேச ஆளில்லாமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் பாயின் தளத்தைத் திறந்தால் ரம்மி விளையாட்டு விளம்பரம் நின்றது. தள முகவரிக்கு வருஷாவருஷம் கட்ட வேண்டியதைக் கட்டவில்லை, வேறு யாரோ அதை எடுத்துக்கொண்டார்கள். அந்த மனுஷர் எழுத்து இருந்த இடத்தில் சீட்டுக்கட்டா? ஆவணக் காப்பகத்தில் தேடினேன். அவர்தான் வாசலிலேயே தடுத்துவிட்டாரே, ஒரு பக்கம்கூட இல்லை. உலகத்தில் பாயின் தளம் முழுசாக இருந்த ஒரே இடம் என் மடிக்கணினி.

குழுவில் சொன்னேன். அப்போதுதான் எல்லோருக்கும் பாய் ஞாபகம் வந்தது. உடனே வெளியிடுங்கள் என்றார்கள். சட்டம் தெரிந்த ஒருவர் மட்டும், ஆள் போய் அறுபது வருஷம்வரை உரிமை குடும்பத்துக்குத்தான், முதலில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று பாருங்கள் என்றார். ஆலங்காயம் வழியாகப் பஸ் ஏறினால் அரை நாளில் வாணியம்பாடி. தோல் கம்பெனியில் கணக்கு எழுதின பாய் என்று விசாரித்தால் யாராவது காட்டியிருப்பார்கள். நான் போகவில்லை. அவர் செத்துவிட்டார் என்று யாராவது சொல்லி அதைக் காதால் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆகவே போட்டேன். என் தளத்திலேயே ஒரு மூலையில், அவர் எழுதினது எழுதினபடி, அடியில் இருந்த அந்த வரியோடு. மேலே நான் ஒரு குறிப்பு எழுதினேன். இது பாயுடையது, நான் கேட்காமல் போட்டிருக்கிறேன், உரியவர் சொன்னால் எடுத்துவிடுவேன் என்று எழுதி என் போன் எண்ணையும் கொடுத்தேன். வருஷக்கணக்கில் எதை வாதாடினேனோ அதைத்தான் செய்தேன். ஆனாலும் ஏற்றுகிற நேரத்தில் கை கூசியது. வாதாடும்போது எதிரில் ஆள் இருந்தார். இப்போது இல்லாத ஆளின் வீட்டில் நுழைகிற மாதிரி இருந்தது. உள்ளுக்குள் ஒரே ஒரு ஆசைதான். எங்கே இருந்தாலும் பாய் இதைப் பார்த்துவிட்டு, 'எடுங்க மலைக்காரரே' என்று ஒரு மடல் போட மாட்டாரா என்று.

குழுவில் கை தட்டினார்கள். அருமை, மகத்தான பணி என்றார்கள். ஒருவர்கூடத் தப்பு என்று சொல்லவில்லை. அட போங்கய்யா என்று குழுவைத் திறப்பதையே குறைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம் போன் வந்தது. ஒரு பெண் குரல். பாயின் மகள். நான் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா இருக்கிறார் என்றார் முதலில். நான் அதைத்தான் கேட்கப் பயப்படுகிறேன் என்று எப்படித் தெரிந்ததோ. இருக்கிறார், நடக்கிறார், சாப்பிடுகிறார், ஞாபகம்தான் போய்க்கொண்டே இருக்கிறது. கடவுச்சொல் எல்லாம் மறந்துவிட்டார், வீட்டில் யாருக்கும் அந்த விவரம் தெரியாது, அதனால்தான் தளம் போனது. சாயங்காலமானால் இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்குப் போக வேண்டும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாசலுக்கு ஓடுகிறார், உட்கார்ந்திருப்பது அவர் வீடுதான். அப்படி ஒருநாள், தோல் காயப்போட்ட கதையில் ஒரு வரியை அவரே சொல்ல, மகள் அதைப் போனில் தேடியிருக்கிறார். என் தளம் வந்திருக்கிறது. வாசிக்கக் கொடுத்தால் அமைதியாக உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் அதுதான்.

"தான் எழுதினதுன்னே அவருக்குத் தெரியல சார். நல்லா எழுதிருக்காரே இவரு, யாருன்னு கேக்கறாரு. அப்பறம் அடியில இருக்கற அந்த வரியப் பாத்துட்டு, இத இங்க போட்டவன் எழுதினவர கேட்டானான்னு ஒரே பிடியா நிக்கிறாரு. நான் இன்னா சொல்லட்டும்?"

கேட்டான் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். கேட்டான் என்றால் பாய் நிம்மதியாக வாசிப்பார், விஷயம் அதோடு முடிந்துவிடும். எனக்கு முடியக் கூடாது என்றிருந்தது.

"கேக்கலன்னு சொல்லுங்கம்மா. திட்டணும்னா திட்டட்டும், போனக் குடுங்க."

அந்தக் குரலை நான் முதல்தடவையாகக் கேட்டேன். எழுத்தில் இருந்ததைவிட மெல்லிய குரல். ஆனால் பேச்சு அதேதான். "யாருப்பா நீ? ஒர்த்தன் ராத்திரி பகலா எழுதினத ஒரு வார்த்த கேக்காம எடுத்துப் போட்டுக்கிறியே" என்று ஆரம்பித்தார். நீ என்றார். அத்தனை வருஷச் சண்டையில் ஒருநாளும் என்னை நீ என்று சொல்லாத மனுஷர். அந்த ஒரு சொல்லில்தான் எனக்குப் புரிந்தது, நான் அவருக்கு யாரும் இல்லை என்று. டேக்சா கதையையும் சொன்னார், புதுசாக எனக்கே எனக்குச் சொல்கிற மாதிரி.

மொதல்ல அத எடுத்துடு என்று சொல்லிவிட்டுப் போனை மகளிடம் கொடுத்தார். எடுத்துவிடட்டுமா என்று மகளைக் கேட்டேன். எடுத்துவிட்டால் சாயங்காலத்துக்கு நான் எங்கே போவேன் சார் என்றார். அதனால் எடுக்கவில்லை. பாய் சொல்லியும் நான் எடுக்காத திருட்டு அது. மறுநாள் பாய்க்கு எதுவும் ஞாபகம் இருக்காது. மறுபடி வாசிப்பார், மறுபடி அந்த வரிக்கு வருவார், மறுபடி போன் வரும். நான் பாறையில் காத்திருப்பேன். தினமும் புதுத் திருடன் நான். தினமும் திட்டு வாங்குகிறேன். பழைய வாதங்கள் எல்லாம் நாக்கு நுனியில் இருக்கின்றன, ஒன்றைக்கூட எடுப்பதில்லை. அவர் பேசி முடித்துப் போனை வைத்ததும் மலை முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் ஆகிவிடும். அந்த நேரம்தான் ரொம்பக் கஷ்டம்.

போன வாரம் மனசு கேட்கவில்லை. அவர் திட்டி மூச்சு வாங்கிய இடைவெளியில் கேட்டுவிட்டேன்.

"பாய், குழுவுல மலையிலேர்ந்து ஒர்த்தர் உங்ககிட்ட சண்டை போடுவாரே, அவர ஞாபகம் இருக்குதுங்களா?"

சிக்னல் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"மலைக்காரரா? ஏன் இல்லாம? வாய் ஜாஸ்தி அவருக்கு. எல்லாத்தையும் எடுக்கலாம் எடுக்கலாம்னு சொல்லுவாரு. ஆனா கேக்காம ஒரு வரி தொடமாட்டாரு. நீ அவரப் பாத்துக் கத்துக்கப்பா."

சரிங்க பாய் என்றேன்.