தவக்காலத்தில் விட்ட குளிசை

செபிக்கையில் சில நாள் என் கண்ணுக்குள் ஓர் ஒளி விரியும். ஆண்டவர் தந்தது என்றிருந்தேன். யாழ்ப்பாணத்து வைத்தியர் அது மூளையில் தொடங்கும் வலிப்பு என்று குளிசை தந்தார். ஒளி நின்றது. அது வெறும் நோயென்றால், இத்தனை நாள் செபித்த நான் யார்? குழம்பிப்போய், தவக்காலத்தில் இறைச்சியோடு குளிசையையும் விட்டேன்.

குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போன வள்ளத்தில், ஆறு மாத மகள் மடியில் இருக்க, ஒளி வந்தது.

விழித்தபோது மடி வெறுமையாக இருந்தது.

"பிள்ளை எங்கை?"

"என்னட்டை இருக்கு, பயப்பிடாதையும்," என்றார் பக்கத்தில் இருந்த, முன்பின் அறியாத அக்கா. "விழமுன்னம் நீர்தானே தந்தனீர். கவனமாய்ப் பிடியுங்கோ எண்டு அதட்டினனீரெல்லோ."

எனக்கு எதுவும் நினைவில்லை. எனக்குள் இருந்த, எனக்கே தெரியாத அந்தத் தாயை ஆண்டவர் அறிந்திருந்தார். இப்போது செபித்துவிட்டுத்தான் குளிசையை விழுங்குகிறேன்.