பதினாறு உலகத்தரம்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் பழைய கட்டிடத்தை இடித்துக் கட்டப்போகும் பில்டருக்கு விளம்பரம் எழுதுகிறவர் அவர். ஒல்லியான உருவம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சம்மதக் கையெழுத்து வாங்க வீடு வீடாக அவரே வந்தார்.

அவர் எழுதிய எட்டுப் பக்கக் கையேட்டில் ‘உலகத்தரம்’ பதினாறு முறையும் ‘கனவு இல்லம்’ ஒன்பது முறையும் ‘ஈடு இணையற்ற’ ஏழு முறையும் இருந்தன. எண்ணி வைத்திருந்தேன். ஆனால் பேச்சில் அவர் எதையும் புகழ்வதில்லை.

“காபி எப்படி இருக்கு?” என்று என் மனைவி கேட்டாள்.

“சூடா இருக்கு, மாமி.”

என் கணக்கை அவரிடம் வாசித்துக் காட்டினேன். “எதுக்குப்பா இவ்வளவு?”

“கையெழுத்து வாங்கற வரைக்கும்தான் மாமா இதெல்லாம். அப்புறம் வர்ற லெட்டர்ல ஒண்ணுகூட இருக்காது.”

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடும் முன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

நேற்று கடிதம் வந்தது. மொத்தம் மூன்று வரி. முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். முப்பத்தோராம் நாள் தண்ணீர் நிறுத்தப்படும். புது வீடு எப்போது தரப்படும் என்பது பின்னர் தெரிவிக்கப்படும்.

நான்கு முறை தேடிவிட்டேன். உலகத்தரம் ஒன்றுகூட இல்லை. மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள். அன்று அவர் என்னை எச்சரித்தாரா, அல்லது காபியைப் பற்றிச் சொன்னதுபோல் உள்ளதைச் சொன்னாரா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.