இரண்டு முறை விழுங்கிய குழாய்

போன வருடம் பிப்ரவரியில், போர்ட் பிளேயரில் நடந்தது இது. நான் அங்கே கராச்சர்மா பகுதியில் குடியிருப்பவள். கப்பலில் வந்திறங்கும் ரேஷன் அரிசியின் தரத்தைக் குடோனில் பரிசோதிப்பது என் வேலை. வயிற்றெரிச்சல் எனக்குப் புதிதல்ல. கைப்பையில் பர்ஸ் இருக்கிறதோ இல்லையோ, கேஸ் மாத்திரை கட்டாயம் இருக்கும்.

என் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் போனவர். எரிச்சலுக்காகப் பார்க்கப் போன டாக்டர் அதைக் கேட்டதும் எண்டோஸ்கோபி எழுதினார். கூடவே பயாப்சியும் எடுக்க வேண்டும் என்றார். தொண்டை வழியாகக் கேமராக் குழாயை விட்டு வயிற்றின் உட்புறத்தைப் பார்ப்பது எண்டோஸ்கோபி. அதே குழாய் வழியாகக் கடுகளவு சதையைக் கிள்ளி எடுத்து லேபில் சோதிப்பது பயாப்சி. முதலாவதற்குத் தலையாட்டினேன். இரண்டாவது வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சும்மா கிடப்பதைக் கிள்ளினால் அது கிளம்பிப் பரவும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். இன்னொன்று, எங்கள் தீவுக்காரர்களின் பழைய வியாதி. பல்வலியோ, மூக்குக்கண்ணாடியோ, கல்யாணப் பட்டோ, எல்லாவற்றையும் கடல் தாண்டி மெயின்லேண்ட் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோம். என் கணவரும் அதையே சொன்னார். "மே மாசம் லீவுல ஊருக்குப் போறோம்ல, கிள்றதெல்லாம் அங்க பாத்துக்கலாம்." உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறது என்று ஒரு காகிதம் சொல்லிவிடுமோ என்ற பயம்.

கேமராவில் லேசான சிவப்பு மட்டும் தெரிந்தது. புண் இல்லை, கட்டி இல்லை. டாக்டருக்குத்தான் திருப்தி இல்லை. செல்கள் மாறத் தொடங்கியிருந்தால் பல நேரம் கண்ணுக்குத் தெரியாது, சதையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் அபர்டீன் பஜாரில் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டேன்.

அதற்கடுத்த நாள் குடோனுக்கு லோடு வந்தது. லாரி கான்ட்ராக்டர் எங்கள் ஊர் டாலிகஞ்ச் பகுதிக்காரர், நம் தமிழர்தான். அன்று பயங்கர அவசரத்தில் இருந்தார்.

"மேடம், மால் ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ். ஒரு மூட்டைலயும் ஈரம் இல்ல, ஓட்டை இல்ல. கண்ணாலயே தெரியுதே, எதுக்குக் குத்திக்கிட்டு? ஜல்தி சைன் போடுங்க."

எனக்குச் சுர்ரென்று வந்தது. மூட்டையில் குத்தி உள்ளிருக்கும் அரிசியை எடுக்க, பர்க்கி என்று ஒரு கூரான இரும்புக் குழாய் வைத்திருப்போம். அதைக் கையில் பிடித்தபடியே அவரை ஒரு பிடி பிடித்தேன்.

"பாத்தா சாக்குதான்யா தெரியும்! உள்ள வண்டு இருக்கா, பூஞ்சை இருக்கானு குத்தி எடுத்தாத்தான் தெரியும். அதுவும் ஒரு எடத்துல பத்தாது, நாலு எடத்துல குத்தணும்!"

சொல்லி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். டாக்டர் சொன்னதும் இதைத்தானே? ஊரார் சாப்பிடும் அரிசிக்குக் காட்டிய அக்கறையை என் வயிற்றுக்குக் காட்டவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று மாலையே கணவரிடம் சொல்லிவிட்டேன். "மே மாசம் வரைக்கும் என்னால காத்திருக்க முடியாதுங்க. நீங்க வரலைன்னாலும் நான் போகத்தான் போறேன்." அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு வந்தார். டாக்டர் முன்னால் அசடு வழிய நின்றேன். அவர் திட்டாமல் தேதி கொடுத்தார். குமட்டலும் கண்ணீருமாக மறுபடி குழாயை விழுங்கினேன். ஐந்து இடங்களில் கிள்ளினார்கள். கிள்ளியதே தெரியவில்லை, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் செய்தேன்!

சில நாள் கழித்து ரிசல்ட் வந்தது. கேமராவுக்கு வெறும் சிவப்பாகத் தெரிந்த இடத்தில், வயிற்றின் செல்கள் குடலின் செல்களைப் போல மாறத் தொடங்கியிருந்தன. புற்றுநோய் இல்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அதில் கொண்டுபோய் விடக்கூடிய மாற்றம் என்றார் டாக்டர். கூடவே வயிற்றில் ஒரு கிருமியும் இருந்தது. இரண்டு வாரம் மாத்திரை போட்டு அதை ஒழித்தேன். இனி டாக்டர் சொல்லும்போதெல்லாம் குழாயை விழுங்க வேண்டும், கிள்ளவும் கொடுக்க வேண்டும். ஒரு தடவைகூடத் தள்ளிப்போடுவதாக இல்லை.

வயிற்றில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் பயந்து ஒளிந்த நாட்களைவிட, இருப்பது இன்னதென்று தெரிந்துவிட்ட இந்த நாட்களில்தான் நான் தைரியமாக இருக்கிறேன்.