பாம்புக்காது அக்கா

'டக்' என்று ஒரு சத்தம். தகடுகளைப் பிணைக்கும் அடுத்த ரிவெட் ஆணிக்குக் கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தித் தலையைச் சாய்த்தார். "இது உள்ள பிடிக்கல." முன்னால் கேட்ட நாற்பது 'டக்'குகளுக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடே தெரியவில்லை. அந்த ரிவெட்டைத் துளைத்து எடுத்துக் காட்டினார். அதன் பின்முனையான வால் கோணிக்கொண்டு, தகட்டுக்குப் பின்னாலுள்ள சட்டத்தைப் பற்றாமலே இருந்திருக்கிறது.

ஆம்புலன்ஸ்களுக்கு பாடி கட்டும் அந்தப் பட்டறையில் அவர் பெயர் பாம்புக்காது அக்கா. மற்றவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொள்ளும் இரைச்சலில் அவர் மட்டும் காதைத் திறந்தே வைத்திருக்கிறார். சுவர்த் தகட்டின் பின்பக்கம் கை நுழையாது, கண் எட்டாது. முன்னாலிருந்து ரிவெட்டைச் செருகி, துப்பாக்கி போன்ற கருவியால் அதன் நடுக்கம்பியை இழுத்தால், வால் பின்னால் புடைத்துப் பிடித்துக்கொள்ளும். கம்பி அறுந்து வரும். தலை, கிண்ணம்போல் குடைந்த குழியில் தகட்டோடு மட்டமாக அமர்ந்துவிடும். "பின்னாடி நடக்குறதச் சொல்ல அந்தச் சத்தம் ஒண்ணுதான் இருக்கு. அதையும் அடைச்சுட்டா எப்படி?"

வீட்டிலும் விடுவதில்லை. மருமகன் புதுக்கார் வாங்கி வந்த அன்று கதவைத் தட்டிப் பார்த்து, "மாப்ள, உள்ள ஏதோ லூசா இருக்கு" என்றாராம். இருந்ததாம்.

குழி குடைவது அவருடைய கணவர். நான் போன அன்று மாலை ஒரு வண்டியை ஒப்படைக்க வேண்டும். இடப்பக்கச் சுவரில் மூன்று வரிசை முடித்து, நான்காவதில் ஒரு ரிவெட்டைச் செருகிய அக்கா அப்படியே நின்றார். ரிவெட்டின் தலை தகட்டு மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்த வரிசை முழுக்கக் குழிகள் ஆழம். துளை விளிம்புகள் சவரக்கத்திபோல் மெலிந்திருந்தன. வண்டி ஓடி அதிர்ந்தால் தகடு கிழிந்துகொண்டு கழன்றுவிடும்.

கணவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வரிசைதானேம்மா. பட்டி பூசி மூடிடலாம். வெளிய தெரியாது."

"தெரியாதுதான். உள்ள படுத்திருக்குறவங்க தலை இந்தப் பக்கம்தான வரும்?"

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். தகட்டையே மாற்ற வேண்டும் என்றார் அக்கா. "யார் குடைஞ்சது?" என்றார் முதலாளி. பட்டறை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"எங்க வீட்டுக்காரர். நாங்க ரெண்டு பேரும் சேந்து மாத்திடுறோம்."

கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி ஒப்படைப்பை மறுநாள் மதியத்துக்குத் தள்ளிவைத்தார்.

மறுநாள் காலை இருவரும் புதுத் தகட்டின் முன் உம்மென்று நின்றார்கள். நூற்றுப் பதினெட்டுத் துளைகள். அவர் குடையக் குடைய, அக்கா ரிவெட் அடித்துக்கொண்டே வந்தார். அறுபதைத் தாண்டியபோது கணவர் கையை எடுத்துவிட்டு, "இது போதுமா?" என்றார்.

அக்கா குனிந்து பார்த்தார். "இன்னும் ஒரு மயிரிழை இறக்குங்க."

அதன்பின் ஒவ்வொரு துளைக்கும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது.

முடிந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் விரலை ஓட்டினேன். தகடு எங்கே முடிகிறது, ரிவெட் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குப் பிடிபடவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடியும் ஓட்டினேன்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறினார். நோயாளிக்கான படுக்கையில் நீட்டிப் படுத்து, கன்னத்தைச் சுவரோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.