அட்டையின் மலையாளப் பக்கம்

1. காம்ப்

திருவனந்தபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிஃப்ராக்ஷன், அதாவது கண்ணாடிக்குப் பவர், பார்ப்பது என் வேலையாக இருந்தது. போன மாதம் ஓய்வு பெற்றேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் வித்துரா தாண்டி மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கண் பரிசோதனைக் காம்ப் போட்டோம். தொழிலாளிகள் பெரும்பாலும் தமிழர்கள். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் வெள்ளெழுத்து நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருவதுதான். எனக்கு வந்த அன்றே மேஜை டிராயரிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். அந்த மலையில் இருப்பவர்கள் கண்ணாடிக்காக ஒரு நாள் வேலையை விட்டு, எப்போதாவது வரும் பஸ்ஸுக்குக் காத்திருந்து இறங்க வேண்டும்.

ஜன்னல் வழியாக மஞ்சு, மலை மூடுபனி, உள்ளே வந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் தூக்கத்தில் தெரிகிற முகங்கள் மாதிரி தெளிந்தார்கள், மறைந்தார்கள்.

டாக்டர் மேடம் அவசரப்படுத்தினார். "சீக்கிரம் ஆகட்டே. மஞ்சு கூடினா ஹேர்பின் வளைவுல ஒண்ணும் காணாது. நாலு மணிக்கு வண்டி எடுக்கணும்."

ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். கையில் பிடித்து வாசிக்கும் எழுத்து அட்டையான நியர் கார்டைக் கொடுத்தேன். அதில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். பொடி எழுத்து வரைக்கும் நிற்காமல் தமிழில் வாசித்தார். கார்டைத் திரும்ப வாங்கும்போதுதான் பார்த்தேன். அவர் முகத்துக்கு நேரே இருந்தது மலையாளப் பக்கம்.

"அக்கா, இது மலையாளமாக்கும்!" என்று சிரித்துவிட்டேன். வரிசையும் சிரித்தது.

அவர் சால்வையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வெளியே போனார். மஞ்சு அவரை மூடிக்கொண்டது. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வந்து உட்கார்ந்த பெண் சொன்னாள்: "அவ கிரஷ்ல, நாங்க வேலைக்குப் போகையில பிள்ளைகள பாக்குற ரோசம்மா, சாரே. கண்ணு தெரியலன்னா வேலை போயிரும்னு பயந்து கெடக்கா. அவளப் போயி சிரிச்சிட்டியளே."

2. கிரஷ்

வரிசை முடிந்ததும் மேடத்திடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன். ரெடிமேட் கண்ணாடிப் பெட்டியோடு மேலே கிரஷுக்கு ஏறினேன்.

தகரக் கூரை. சேலைத் தொட்டில்களில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தன. ரோசம்மாக்கா எழுந்திருக்கவில்லை.

"சிரிச்சது என் தப்பு அக்கா."

ஒரு தொட்டிலை ஆட்டிவிட்டுச் சொன்னார். "முன்னால நின்னவங்க வாசிச்சத கேட்டு மனப்பாடம் பண்ணினேன், சாரே."

பிறகு இருமல் மருந்துப் பாட்டிலின் அளவு மூடியை எடுத்துவந்து காட்டினார். "ரெண்டு வருஷமா இந்தக் கோடு எனக்குத் தெரியல. ஒருநாள் மருந்து கூடிப்போச்சு. பிள்ள ஒறங்கிச்சு, மத்தியானம் கழிஞ்சும் எந்திரிக்கல. மூக்குக்குக் கீழ விரல வச்சிக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் அது அழுதப்பதான் எனக்கு உசுரு வந்துச்சு. யார்ட்டயும் சொல்லல."

முதலில் மாட்டிய பிளஸ் ஒன்றரை பவர் கண்ணாடி போதவில்லை. பிளஸ் டூ மாட்டினேன். மூடியைத் திருப்பி, கோட்டின் மேல் நகத்தை ஓட்டினார். "இங்கன அஞ்சுன்னு போட்டிருக்கு."

பக்கத்துத் தொட்டிலில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அய்யோ, இதுக்கு புருவம் மொளச்சிருக்கே! எப்ப மொளச்சுது?"

தொட்டில் தொட்டிலாகப் போனார். ஒவ்வொரு முகத்தையும் முதல்முதலாகப் பார்ப்பவர் போல மெல்லக் குனிந்து பார்த்தார். கீழே எங்கள் வண்டி ஹாரன் அடித்தது. எனக்கு நகரத் தோன்றவில்லை.

"அந்தக் காரியத்த வெளிய சொல்லுவியளா?" என்று கேட்டார்.

"நான் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட நீங்களே சொல்லணும் அக்கா."

தலையை ஆட்டினார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

3. பிறகு

அடுத்த காம்புக்குப் போனபோது அவரே தேடி வந்தார். "அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட சொல்லிட்டேன் சாரே. அவ மூணு நாள் முகம் குடுக்கல. நாலாம் நாள் பிள்ளையக் கொண்டாந்து என் மடியில விட்டுட்டு வேலைக்குப் போனா."

அதற்குப் பிறகு யாரிடமும் எடுத்தவுடன் கார்டை நீட்டியதில்லை. "கையில என்ன வேலை?" என்றுதான் முதலில் கேட்பேன். கொழுந்து என்பார்கள், அரிசியில் கல் என்பார்கள், மகனின் போன் நம்பர் என்பார்கள். கார்டை நீட்டினால் அது பரீட்சையாகிவிடும். பரீட்சை என்றால் யாரும் பாஸாகத்தான் பார்ப்பார்கள். "எனக்குத் தெரியவில்லை" என்று ஒருவர் கூசாமல் சொல்லும்படி உட்காரவைப்பது நம் வேலையில் பாதி. லென்ஸ் அதற்கு அப்புறம்தான்.