எங்கள் குறி சுட்ட எருமைகள்

என் அக்கா சபூறா ராத்தாவின் மாப்பிள்ளை பஸல்தீன் மச்சானைக் கல்முனைக்குடியில் பட்டாணி என்றுதான் கூப்பிடுவார்கள். வடக்கேயிருந்து வந்த தாடிக்காரன் எவனும் எங்கள் ஊருக்குப் பட்டாணிதான். அவரும் சலிக்காமல் திருத்துவார்: "பட்டாணி இல்ல, நான் குஜ்ஜர். எருமையோட பொறந்து எருமையோட மவுத்தாகிற ஆக்கள்." யார் கேட்டது? செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

தென்னந்தோட்டத் துரை ஒருவனுக்காகப் பஞ்சாபிலிருந்து பால் எருமைகளைக் கப்பலில் இலங்கைக்குக் கொண்டுவந்தவர். துரை சீமைக்குப் போனான், இவர் நின்றுவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் ராத்தாவோடு நிக்காஹ் நடந்தது.

ஊருக்கு அவர் செய்ததைச் சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம்தான் வரும். கோமாரி வந்து மாடுகள் விழுந்த வருசம், வீடு வீடாகப் போய்க் குளம்பு கழுவி மருந்து கட்டினார். ஊரின் பெரிய வயல்காரர் சின்னப்போடியாரின் எருமைக்குக் கன்று குறுக்கே கிடந்தபோது, கையை முழங்கைவரை உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தார். போடியார் அனுப்பிய நெல்மூடையைத் திருப்பி அனுப்பினார். அறுத்த நெல்லைச் சூடு மிதிக்க எருமை கேட்டு வந்த எவனும் வெறுங்கையோடு போனதில்லை.

எங்கள் பக்கம் குடி தாய்வழி. வீடும் வயலும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து சேர்கிறவன். மாட்டுக்கும் அந்தந்தக் குடியின் குறியைத்தான் சுடுவோம்; குறி யாருடையதோ மாடும் அவர்களுடையது. தன் உழைப்பில் சேர்த்த எருமைகளுக்குக் குறி சுடும் நாளில் அவர் என்னிடம் வந்தார்.

"எந்தக் குறி போட, மச்சான்?"

"எங்கட குடிக்குறியப் போடுங்க. தனிக்குறி போட்டா, பெஞ்சாதிய நம்பாத மாப்பிள்ளை எண்டு ஊர் சிரிக்கும்."

இரும்பைக் காய்ச்சிக் கொடுத்ததும் நான்தான். பாவி மனிசன் முகமெல்லாம் சிரிப்பு. தன்னையும் குடியில் சேர்த்துவிட்டோம் என்று நினைத்தார்.

பிறகு அந்தச் சட்டம் வந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டும். சொந்தப் பிழைப்பு இருக்கிறதென்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும். ஐம்பத்தைந்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சாட்சி சொல்ல நானும் சின்னப்போடியாரும் போனோம்.

"வீடு யார் பேரில?" என்று கேட்டார் விசாரித்த ஐயா.

"பெஞ்சாதி பேரில" என்றார் மச்சான்.

"வயல்?"

"அதுவும்தான். எருமை மட்டும் நான்..."

ஐயா என் பக்கம் திரும்பினார். "எருமையில யாருட குறி?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "எங்கட குடிக்குறி ஐயா. பட்டி முழுக்க என்ட ராத்தாட. எங்கட ஊர் மாப்பிள்ளமார் பெஞ்சாதிட சொத்த என்ட எண்டு சொல்ல மாட்டாங்க."

அவர் எழுதிக்கொண்டார். போடியார் கன்று திருப்பிய கதையைச் சொல்ல வாயெடுத்தார். அது இந்த விசாரணைக்குத் தேவையில்லை என்றுவிட்டார் ஐயா.

சொந்த வருமானம் இல்லாதவர் என்று மனுவைத் தள்ளிக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை, ஒன்றும் நடக்கவில்லை. எங்கே போவார்? பிரிவினையில் அவருடைய ஊர் இந்தியாப் பக்கம் விழுந்துவிட்டது. அங்கிருந்த அவர் ஆட்கள் கலவரத்தில் செத்தார்களா, ஓடினார்களா, தெரியாது. ஊருக்குப் போட்ட காகிதமும் திரும்பி வந்தது. கடைசியில், முஸ்லிம் என்பதால் பாகிஸ்தான்காரன் என்று எழுதி, ஒருவரையும் தெரியாத கராச்சிக்குக் கப்பலேற்றினார்கள்.

போகிற அன்று விடியக் கடைசியாகப் பால் கறந்து வைத்தார். நான் அழுதேன். என் தோளைத் தட்டி, "நீ பொய் சொல்லலியே மச்சான்" என்றார். அதற்கு என்னை அடித்திருக்கலாம்.

கராச்சியிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. பிறகு இல்லை. போன மாதம் கன்றுகளுக்குக் குறி சுட இரும்போடு போனேன். அவர் போனதிலிருந்து என்னோடு கதைக்காத சபூறா ராத்தா பட்டி வாசலில் நின்று கேட்டாள்: "எத்தின நாள் தொழாமக் கிடந்திருக்காய் நூஹு. அண்டைக்கு மட்டும் அல்லாஹ்வுக்குப் பயந்தா உண்மை சொன்னாய்?"

ஓம் என்றேன். அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லவில்லை, பெருமைக்குத்தான் சொன்னேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.