பாம்பு என்று சொல்லக் கூடாது

ரொறன்ரோ, 1994. புளோர் தெருவில் ஒரு கொரிய உணவகத்தில் சூப்புக்காகக் காத்திருக்கிறேன். வெளியே பனி கொட்டுகிறது. எதிர்ச் சுவரில் ஒரு படம்: ஏரியிலிருந்து வானத்துக்கு எழும்பும் செதில் உடம்பு.

"எவ்வளவு பெரிய பாம்பு!" என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து மேசையில் எச்சில் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"அண்ணை, உதைப் பாம்பு எண்டு சொல்லாதேங்கோ. உது இமுகி. டிராகனாகிறதுக்கு ஆயிரம் வருசம் தண்ணிக்குள்ளை காத்துக் கிடக்குமாம். மேலை எழும்பேக்கை, பாக்கிற மனிசர் டிராகன் எண்டு சொன்னால்தான் ஆகும். பாம்பெண்டால் திரும்ப விழுந்திடுமாம். முதலாளியம்மா சொன்னவ."

"நீங்கள் இங்கே என்ன வேலை செய்கிறீர்கள்?"

"கோப்பை கழுவுறன். சமையலும் பழகுறன்."

கல்லாவிலிருந்து கொரிய முதலாளியம்மா என்னிடம் ஆங்கிலத்தில் கேட்கிறார்: "எங்கள் சமையல்காரர் உங்கள் ஊர்க்காரரா?"

கோப்பைகளோடு நிற்பவர் கூச்சத்துடன் சிரிக்கிறார். "இன்னும் அடுப்பைத் தொட விடேல்லை, அண்ணை. ஆனால் வாற எல்லாரிட்டையும் இப்பிடித்தான் சொல்லுவா." கோப்பைகளைக் கழுவ உள்ளே குசினிக்குப் போகிறார்.

சூப் வருகிறது. உப்புக் கொஞ்சம் கூடுதல்.

"உங்கள் சமையல்காரர் கெட்டிக்காரர்," என்கிறேன் முதலாளியம்மாவிடம், குசினிக்குள்ளும் கேட்கும்படி சத்தமாக.